கேபிளுக்குக் கணக்கு இருக்கிறது, ஆளுக்கு இல்லை

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது கோபாலபுரம். 2017 ஜூன் வரை அந்த வழியாக வந்த சரக்கு லாரிகள் வணிகவரிச் சாவடியில் நின்று, காகிதங்களைக் காட்டி, முத்திரை வாங்கிக்கொண்டுதான் நகர முடிந்தது. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்ததும் கேரளம் தன் வணிகவரிச் சாவடிகளை விலக்கிக்கொண்டது. 2018 ஏப்ரலில் மாநிலம் கடக்கும் சரக்குக்கு இ-வே பில் கட்டாயமாயிற்று. சாவடிக் கம்பத்தடியில் நடந்துவந்த எழுத்து வேலை, சரக்கு ஏற்றும் இடத்திலேயே கணினியில் முடியத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் கொரோனா வந்தது. கேரளத்துக்குள் வர 'ஜாக்ரதா' தளத்தில் பதிய வேண்டியிருந்தது, தமிழ்நாட்டுக்குள் போக இ-பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. பொள்ளாச்சிச் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அன்றாடம் போய்வந்த எல்லையோர மக்கள், பக்கத்து ஊருக்குப் போகவே ஒரு திரையின் அனுமதியைக் கேட்டு நின்றார்கள். அந்த அனுமதியைத் தாமே எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் எடுத்துத் தரத் தெரிந்த ஒருவரைத் தேடினார்கள்.

அந்த ஒருவரைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. தகவல் தொழில்நுட்ப வேலை என்றதும் நம் மனக்கண்ணில் வருவது கண்ணாடிக் கட்டடமும் கழுத்து அடையாள அட்டையும். திருவனந்தபுரத்தில் 1990இல் டெக்னோபார்க் வந்தது. கொச்சியில் 2004இல் இன்ஃபோபார்க். கோவையில் 2010இல் டைடல் பார்க். கேரளப் பக்கத்துச் சித்தூர் வட்டத்தில் கணினி படித்த பிள்ளைகள் இவற்றை நோக்கியோ பெங்களூரை நோக்கியோதான் போகிறார்கள். பாலக்காடு ஐஐடிகூட 2015இல் தன் முதல் வகுப்புகளைத் தொடங்கியது இதே எல்லையை ஒட்டிய கோழிப்பாறையில்தான். ஆனால் ஊருக்குள்ளேயே இருந்து, ஊருக்காகச் செய்யப்படும் தகவல் தொழில்நுட்ப வேலை ஒன்றும் இருக்கிறது. அரசு சேவைகளை இணையத்தில் செய்து தரும் அக்ஷயா மையத்தில் உட்கார்ந்திருக்கும் பெண், பள்ளியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர், பஞ்சாயத்து அலுவலகத்தின் ஒப்பந்த டெக்னிக்கல் அசிஸ்டன்ட், மழையில் அறுந்த ஃபைபரை ஒட்டிக் கொடுக்கும் கேபிள்காரர், செல்போன் ரிப்பேர் கடைக்காரர் ஆகியோர் செய்வது அது. மென்பொருள் ஏற்றுமதிக் கணக்கில் இவர்கள் இல்லை. வேலைவாய்ப்புப் புள்ளிவிவரத்திலும் இவர்களைத் தனியாகப் பிரித்துக் காண முடியாது. கேரள எல்லையோரத் தமிழ் ஊர்களில் அரசு என்ற ஒன்று மக்களுக்குக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் இவர்கள் கையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

எல்லையோரம் என்று சொல்லும்போது கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. பாலக்காடு பழைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதை ஒட்டிய சித்தூர் கொச்சி சமஸ்தானத்துக்கு உரியது. மூணாறு மலைகள் திருவிதாங்கூரில் இருந்தன. 1877இல் பூஞ்ஞாற்றுத் தலைவரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றபின், தேயிலைக்காகத் தமிழ் உழைப்பாளிகள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது சித்தூரும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அங்குள்ள பலரின் வீட்டுமொழி தமிழாகவே இருந்தது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுதவும், சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அலுவலகங்களிலிருந்து அதே மொழியில் பதில் பெறவும் வழி செய்தது. காகிதத்தில் எழுதிய மனுக்களின் காலத்தில் இந்த உரிமைக்கு ஒரு பொருள் இருந்தது. மனு எழுதிக் கொடுப்பவர் தமிழில் எழுதினார், அலுவலகத்தில் யாரோ ஒருவர் படித்தார். இன்று மனு என்பது திரையில் நிரப்ப வேண்டிய கட்டங்கள். அந்தத் திரையில் பெரும்பாலும் மலையாளமும் ஆங்கிலமும்தான் தெரிகின்றன. அந்த உரிமையை யாரும் பறிக்கவில்லை. சட்டம் நினைத்துப் பார்த்திராத இடத்துக்கு அலுவலகம் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அக்ஷயா திட்டம் 2002 நவம்பர் 18 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கி வைத்தது. முதலில் மலப்புரம் மாவட்டம். வீட்டுக்கு ஒருவருக்காவது கணினியின் அடிப்படையைச் சொல்லித் தருவது, எந்த வீட்டிலிருந்தும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு மையம் இருப்பது ஆகியவை நோக்கம். பயிற்சி முடிந்தபின் மையங்கள் என்ன செய்யும் என்ற கேள்விக்கு ஆண்டுகள் கடந்தபின் விடை கிடைத்தது: ஆதார் பதிவு, ரேஷன் அட்டை, வருமானச் சான்று, சாதிச் சான்று, கட்டணங்கள், ஓய்வூதியச் சரிபார்ப்பு. இன்று கேரளம் முழுவதும் 2,000க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. பெயர்ப்பலகையில் அரசின் முத்திரை இருந்தாலும் உள்ளே இருப்பவர் அரசு ஊழியர் இல்லை. வாடகை, மின்கட்டணம், கணினி, பிரிண்டர், உதவியாளர் சம்பளம் எல்லாம் அவருடைய கைக்காசு. வருமானம் மட்டும் அரசு நிர்ணயித்த சேவைக் கட்டணம்.

இந்த ஏற்பாட்டின் கடுமை தெரிய வேண்டுமானால் 'மஸ்டரிங்' நடக்கும் நாட்களில் ஒரு மையத்தைப் பார்க்க வேண்டும். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்குபவர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதைக் கைரேகை வைத்து உறுதி செய்யும் சடங்கு அது. 2019இல் பெரிய அளவில் தொடங்கியது. காலையிலேயே வயதானவர்கள் வந்து வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். ரேகைக் கருவி என்பது உள்ளங்கை அளவுள்ள ஒரு சின்னப் பெட்டி. மேலே ஒரு கண்ணாடி, அதன் அடியில் விளக்கு. தோட்டத்தில் ஐம்பது வருஷம் கொழுந்து கிள்ளியவர், செங்கல் சுமந்தவர், தென்னை மட்டை பின்னியவர் விரல்களில் ரேகை தேய்ந்து போயிருக்கும். கொழுந்தின் கறை தோலில் ஊறியிருக்கும். "வெரலை நல்லா அழுத்தி வைங்கம்மா." விளக்கு எரியும், அணையும். விழவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று வரிசையாகப் பத்தும். சில நேரம் விரல் நுனியில் கொஞ்சம் எண்ணெய் தடவிப் பார்ப்பார்கள். எதுவும் விழவில்லையென்றால் கண்விழிக் கருவி, அதுவும் கண்புரை வந்த கண்ணில் தடுமாறும். அதற்குள் சர்வர் நின்றுபோகும். பின்னால் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். அந்த அம்மாவின் முகத்தில் அச்சம் படரும், ஏனென்றால் ரேகை விழாவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும்.

இதற்கான கட்டணம் அண்மை ஆண்டுகளில் 30 ரூபாய். படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்கே போய்ச் செய்து கொடுத்தால் 50 ரூபாய். பாலக்காட்டுச் சமவெளியில் ஸ்கூட்டரில் போய்வந்துவிடலாம். தேவிகுளத்து மலையில் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்கு ஜீப் பிடித்துப் போகிறவருக்கு 50 ரூபாயில் ஒரு வழிப் பயணத்துக்குக்கூட மிச்சம் இருக்காது. போகாமல் இருந்துவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் போகிறார்கள். ஊர்க்காரரின் கடமையுணர்வை நம்பி ஒரு நிர்வாகம் நடந்துகொண்டிருக்கிறது, அந்த உணர்வுக்கு உரிய விலையைத் தராமல். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

கைரேகைக்கு அடுத்த சிக்கல் பெயர். தமிழர் தலைப்பெழுத்தை முன்னால் போடுவார்கள். கேரளப் படிவங்களில் அது பின்னால் போகும், அல்லது தந்தை பெயராக விரியும். தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றிதழில் 'பழனிச்சாமி'யின் ழகரம் ஆங்கிலத்தில் ஒற்றை எல் எழுத்தாக இருக்கும். கேரள ரேஷன் அட்டையில் அது இசட்-எச் ஆகியிருக்கும். கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். மாமியார் வீடு எல்லைக்கு இந்தப் பக்கமும் பிறந்த வீடு அந்தப் பக்கமும் இருக்கும் பெண்களுக்கு இது வாழ்நாள் தொல்லை. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு, பள்ளிச் சான்றிதழ் ஆகிய நான்கில் எதை முதலில் திருத்தினால் மற்ற மூன்றும் வழிக்கு வரும் என்பது ஒரு நிபுணத்துவம். எந்தப் பாடத்திட்டத்திலும் அது இல்லை. இரு மாநில நடைமுறையும் தெரிந்த, தமிழும் மலையாளமும் வாசிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள ஒருவர் பல வருஷத்தில் கற்றுக்கொள்வது அது.

இன்னும் கனமான விஷயம் சாதிச் சான்று. பட்டியல் சாதிகள் குறித்த குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்ட் 10 தேதியிட்டது. வேறு மாநிலத்திலிருந்து வந்த குடும்பம் அந்தத் தேதிக்கு முன்பே இங்கு குடியிருந்ததற்குச் சான்று காட்டினால்தான் கேரளத்தில் அந்தச் சாதிக்குரிய உரிமைகள் கிடைக்கும். இடுக்கித் தோட்டங்களின் தமிழ் தலித் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே இருப்பவை. ஆனால் அவர்கள் குடியிருந்தது கம்பெனியின் லயத்தில். நிலப்பட்டா இல்லை, வீட்டு வரி ரசீது இல்லை. தாத்தா பெயர் தோட்டத்துப் பழைய பேரேட்டில் எங்காவது இருந்தால் உண்டு. விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்றும் பெண்ணிடம்தான் இந்தக் குடும்பம் வந்து நிற்கிறது. 'ஆவணத்தைப் பதிவேற்றுக' என்ற கட்டத்துக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருக்கிறார். பதிவேற்ற ஆவணமே இல்லை. அந்த அநீதியை அவரால் தீர்க்க முடியாது. ஆனால் எந்த அலுவலகத்துக்கு நேரில் போய் யாரைப் பார்க்க வேண்டும், எந்தப் பேரேட்டின் நகலைக் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டால் ஒரு மாணவியின் கல்லூரி இடம் தப்பிக்கும்.

இப்படிப்பட்ட ஆள் இருந்தால் மையம் நிற்கும், இல்லாவிட்டால் சாயும் என்பதற்கு மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் நடந்த ஒரு திட்டத்திலேயே சான்று இருக்கிறது. 2001இல் சென்னை ஐஐடியும், எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும், என்-லாக் நிறுவனமும் சேர்ந்து 'சாரி' என்ற பெயரில் கிராம இணைய மையங்களைத் திறந்தன. ஐஐடிப் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பம் அவற்றை இணைத்தது. உச்சத்தில் கிட்டத்தட்ட 80 மையங்கள். சில ஆண்டுகளில் தனியார் நடத்திய மையங்களில் பல மூடப்பட்டன. இதை ஆராய்ந்து மைக்கேல் பெஸ்ட்டும் ராஜேந்திர குமாரும் 2008இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு முடிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது: ஏற்கெனவே கணினிப் பயிற்சி பெற்ற உரிமையாளரோ, பயிற்சி பெற்ற தனி ஆளோ இருந்த மையங்கள் கூடுதல் காலம் தாக்குப் பிடித்தன. மேலூரில் தெரியவந்ததை அதற்குப் பிறகு வந்த திட்டங்கள் செலவுக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு இடுக்கியே எடுத்துக்காட்டு. 2015 ஜனவரியில், தேசிய கண்ணாடியிழை வலைப்பின்னல் திட்டத்தில் நாட்டிலேயே முதலாவதாக முழுமையாக இணைக்கப்பட்ட மாவட்டம் என்று இடுக்கி அறிவிக்கப்பட்டது. மலையும் காடும் நிறைந்த மாவட்டம் முதலிடம் பிடித்தது பெருமைக்குரியது. உழைத்த பணியாளர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தத் திட்டத்தின் கேபிள் பஞ்சாயத்து அலுவலகம் வரை வந்து நின்றது. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் மாறியபோது, மூணாற்றுத் தோட்டப் பிள்ளைகள் ரேஞ்ச் கிடைக்கும் மேட்டைத் தேடி ராஜமலைச் சாலையோரம் குடைபிடித்து உட்கார்ந்து படித்தார்கள். இணையம் கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரிலேயே ஒரு விடுதி மாணவியின் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது.

பிறகு 2023 ஜூன் 5 அன்று கே-ஃபோன். மின்வாரியக் கம்பங்களின் மீது இழுக்கப்பட்ட அரசின் சொந்த ஃபைபர். 30,000 அலுவலகங்கள், 20 லட்சம் ஏழைக் குடும்பங்கள் என்ற இலக்கு. முதற்கட்டத்தில் தொகுதிக்கு 100 வீடு. 2025 ஆகஸ்டில் கேரளம் தன்னை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவித்தது. ஏறத்தாழ 21.87 லட்சம் பேருக்குக் கைபேசியில் அழைக்க, செய்தி அனுப்ப, கட்டணம் கட்டச் சொல்லித் தரப்பட்டது. சொல்லித் தந்தவர்கள் தன்னார்வலர்கள். அது நல்ல காரியம்தான், மறுப்பதற்கில்லை. ஒரு பாட்டிக்கு வீடியோ அழைப்பு செய்யத் தெரிவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கைபேசி மாறும், செயலி மாறும், கடவுச்சொல் மறக்கும். அடுத்த வருஷம் அந்தப் பாட்டி யாரிடம் கேட்பார் என்பதற்கு அறிவிப்பில் இடமில்லை.

இதையெல்லாம் விட ஆழமாக என்னை உறுத்துவது பெட்டிமுடி. ராஜமலைக்கு அப்பால், கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனத்தின் லயங்கள் இருந்த இடம். அங்கே இருந்தவர்கள் தமிழர்கள். பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. 2020 ஆகஸ்ட் 6 இரவு பத்தே முக்கால் மணி அளவில் மலை சரிந்து லயங்களை மூடியது. இருந்த 82 பேரில் 70 பேர் இறந்தார்கள், காணாமல் போய்க் கிடைக்காமலே போனவர்களையும் சேர்த்து. தொடர்ந்து பெய்த மழையில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் ஏற்கெனவே அற்றுப் போயிருந்தன. வெளியுலகத்துக்குச் செய்தி கிடைத்தது மறுநாள் காலையில். வழியில் இருந்த பெரியவரைப் பாலம் உடைந்திருந்ததால் மீட்புப்படை போய்ச் சேர மேலும் தாமதமானது.

தொலைபேசி இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. மண் நொடிகளில் வந்துவிட்டது. ஆனால் ஓர் இரவு முழுவதும் அந்தப் பள்ளத்தாக்கு யாரிடமும் எதையும் சொல்ல முடியாமல் கிடந்தது. மாவட்டம் முழுவதும் ஃபைபர் போட்டாயிற்று என்று அறிவித்து ஐந்தரை ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. மலையில் ஒரு செல்போன் கோபுரம் மழைக்காலத்தில் உயிரோடு இருக்க வேண்டுமானால் மின்சாரம் போனபின் தாங்கும் பேட்டரி வேண்டும், டீசல் வேண்டும், பேட்டரி பழுதாகிவிட்டதா என்று மழைக்கு முன்னால் போய்ப் பார்க்கும் ஓர் ஆள் வேண்டும். இதுவும் தகவல் தொழில்நுட்ப வேலைதான். கோபுரம் திறக்கும் நாளில் படம் எடுப்பார்கள். பேட்டரி மாற்றும் நாளில் யாரும் வருவதில்லை.

கடற்கரையோரப் புதுச்சேரியில் இதற்கு நேர்மாறான ஒரு நாளும் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களை நடத்திவந்தது. மீனவ ஊர்களில் அம்மையங்களின் முக்கிய வேலை, அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வது. வீராம்பட்டினத்து மீனவர் அதைக் கேட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போவார். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு, அத்தகைய மையம் இருந்த நல்லவாடு கிராமத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். ஊரில் இருந்தவர்கள் அந்த ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுத்தார்கள். 3,600 பேருக்கு மேல் இருந்த ஊர் கரையிலிருந்து ஓடித் தப்பியது. அன்று வேலை செய்த கருவிகள் ஒரு தொலைபேசியும் ஒரு ஒலிபெருக்கியும் மட்டுமே. அந்த ஒலிபெருக்கி தினமும் பயன்பட்டதால் பழுதில்லாமல் இருந்தது. எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. அதில் வரும் குரலை நம்பும் பழக்கமும் மக்களுக்கு இருந்தது. ஆபத்து நாளில் மட்டும் தட்டியெழுப்பும் எந்திரம் எழுவதில்லை.

வயநாட்டிலும் இதையொட்டிய ஒரு முயற்சி நடக்கிறது. ஹியூம் சூழலியல் மையம் உள்ளூர் மக்களின் துணையோடு மாவட்டமெங்கும் ஏறத்தாழ 200 மழைமானிகளை வைத்து அன்றாட அளவைச் சேர்க்கிறது. 2024 ஜூலை 30 அதிகாலை சூரல்மலை, முண்டக்கை நிலச்சரிவுக்கு ஏறத்தாழ 16 மணி நேரம் முன்பே அம்மையம் மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்தது. எச்சரிக்கை போதிய வெளியேற்றமாக மாறவில்லை என்பது அந்தத் துயரத்தின் இன்னொரு பாதி. ஆனால் தகவலைத் திரட்டும் பாதியை ஊர்க்காரர்களே, மலிவான கருவியையும் வாட்ஸ்அப்பையும் வைத்துச் செய்து காட்டினார்கள்.

பெட்டிமுடியிலிருந்துதான் இடமலைக்குடிக்குப் பாதை போகிறது. முதுவான் மக்களின் ஊர்; 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி கிராமப் பஞ்சாயத்தாக அமைக்கப்பட்டது. முதுவான் பேச்சு தமிழுக்கு மிக நெருக்கமானது. பஞ்சாயத்து உருவான பின்னும் அதன் அலுவலகம் பல ஆண்டுகள் காட்டுக்கு வெளியே தேவிகுளத்தில்தான் நடந்தது. ஒரு சான்றிதழுக்காகக் குடிக்காரர் காட்டு வழியே நடந்து, ஜீப் பிடித்து, தன் சொந்தப் பஞ்சாயத்துக்கு வெளியூர் போக வேண்டியிருந்தது. இப்போது கேரளத்தின் எல்லா கிராமப் பஞ்சாயத்துகளிலும் கே-ஸ்மார்ட் என்ற மென்பொருள் வந்துவிட்டது. 2025 ஏப்ரல் முதல் பிறப்பு, இறப்புப் பதிவும் கட்டட அனுமதியும் இருந்த இடத்திலிருந்தே கேட்கலாம். இடமலைக்குடி போன்ற இடத்துக்கு இது உண்மையிலேயே பெரிய வாய்ப்பு. இருந்த இடத்தில் திரையும் தொடர்பும் வேண்டும், கூடவே முதுவான் பேச்சைக் கேட்டு மலையாளப் படிவத்தில் இறக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். அவர் முதுவான் வீட்டுப் பிள்ளையாகவே இருப்பது நல்லது.

கிராமத்துத் தகவல் தொழில்நுட்பம் என்றதும் பலர் தென்காசி மத்தளம்பாறையைக் காட்டுவார்கள். மென்பொருள் நிறுவனமான ஸோஹோ 2011இல் அங்கே அலுவலகம் திறந்தது. 2019இல் அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அங்கேயே குடிபெயர்ந்தார். 2025இல் கேரளத்தின் கொட்டாரக்கரையிலும் அந்நிறுவனம் மையம் தொடங்கியது. அதற்கு முன்பே, 2007இல் சலோனி மல்ஹோத்ரா தொடங்கிய தேசிக்ரூ, திருவாரூர் மாவட்டக் கொல்லுமாங்குடி போன்ற ஊர்களுக்குத் தரவு வேலையைக் கொண்டுபோனது. இவை பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகாமல் சம்பாதிக்க உதவுகின்றன. நான் இவற்றை மதிக்கிறேன். ஆனால் அந்த வேலையின் வாடிக்கையாளர் வெளியே இருக்கிறார். மத்தளம்பாறையில் எழுதப்படும் மென்பொருளால் மத்தளம்பாறைப் பாட்டியின் ரேகை விழாது. இரண்டும் வேறு வேறு வேலை; முதலாவது பெருகினால் இரண்டாவது தானே நடந்துவிடும் என்று நினைப்பதுதான் பிழை.

இரண்டாவது வேலைக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதே கேள்வி. ஸ்பெயினின் கத்தலோனியாவில் 2004 முதல் வளர்ந்துவரும் குய்ஃபி.நெட் ஒரு விடை தருகிறது. பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத ஒசோனா வட்டார ஊர்களில் மக்களே கூரைக்குக் கூரை கம்பியில்லாத் தொடர்பு அமைத்துக்கொண்டார்கள். பின்னர் ஃபைபரும் இழுத்தார்கள். கட்டமைப்பு பொதுச்சொத்து. அதன் மீது சேவை விற்கும் சிறு நிறுவனங்கள், தாங்கள் பயன்படுத்தும் அளவுக்கு ஏற்பப் பராமரிப்புச் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. கம்பி இழுத்தவரும் பழுது பார்த்தவரும் கணக்கில் வருகிறார்கள். கோபாலபுரத்தையோ இடுக்கி மலையூரான வட்டவடையையோ அப்படியே கத்தலோனியா ஆக்க முடியாது. அங்குள்ள வருமானம் வேறு. எடுத்துக்கொள்ள வேண்டியது பராமரிப்பைக் கணக்கில் ஏற்றிய அந்த நேர்மையை.

கேரளம் இதற்கான முன்மாதிரியை வெளியே தேட வேண்டியதில்லை. ஆஷா பணியாளர்களின் ஊதியப் போராட்டம் எத்தனை நீண்டிருந்தாலும், ஊரின் உடல்நலத்துக்கு வார்டுக்கு ஓர் ஆள் வேண்டும் என்ற கொள்கை ஏற்கப்பட்டுவிட்டது. பஞ்சாயத்துகளில் டெக்னிக்கல் அசிஸ்டன்ட் பணியும் இருக்கிறது. அது அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்வதற்கானது. அதைப் போலவே மக்களுக்கென ஒருவரைச் சம்பளத்தில் அமர்த்துவது புதுக் கண்டுபிடிப்பு ஆகாது. சித்தூர், தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களின் தமிழ்ப் பகுதிகளில் அவருக்குத் தமிழும் மலையாளமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்ற நிபந்தனை வேண்டும். படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்குப் போகும் செலவு தூரத்தைப் பொறுத்துக் கணக்கிடப்பட வேண்டும். சமவெளிக்கும் மலைக்கும் ஒரே 50 ரூபாய் என்பது முதலில் மாற வேண்டிய வரி. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், மே மாதத்தில், ஒவ்வொரு கோபுரத்தின் பேட்டரியையும் ஒவ்வொரு லயத்தின் ஒலிபெருக்கியையும் சோதித்துப் பஞ்சாயத்தில் எழுதி வைப்பது அவர் பணியில் சேர வேண்டும்.

ஆட்கள் கிடைப்பார்களா என்றால், கிடைப்பார்கள். கேரளப் பள்ளிகளில் 2001இல் 'ஐடி அட் ஸ்கூல்' என்று தொடங்கி, 2017இல் கைட் நிறுவனமாக மாறிய ஏற்பாடு கணினிப் பாடப்புத்தகத்தை மலையாளம், ஆங்கிலம், கன்னடத்தோடு தமிழிலும் அச்சிடுகிறது. கட்டற்ற மென்பொருளில், தாய்மொழியில் கணினி கற்கும் தமிழ்ப் பிள்ளைகள் அந்த எல்லையோரப் பள்ளிகளில் இருக்கிறார்கள். 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வன்பொருளும் நிரலாக்கமும் பழகி, பெற்றோருக்கு இணையப் பாதுகாப்பு வகுப்பும் எடுக்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் மன்றம் முடிந்துவிடுகிறது. அதன்பின் அந்தத் திறமைக்கு ஊரில் வேலை என்று ஒன்று இல்லை; அக்ஷயா மையத்தில் குறைந்த சம்பளத்துக்கு உதவியாளர், அல்லது கோவைக்குப் பஸ். கோவைக்குப் போகிறவர் போகட்டும், அது அவர் உரிமை. இருக்க நினைப்பவருக்கு மாதச் சம்பளமும் மழைக்காலத்துக்கு ஒரு ஜீப்புச் செலவும் பஞ்சாயத்தின் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் தனி இனமாக எழுதப்பட வேண்டும். கிராம சபைக் கூட்டத்தில் அதைக் கேட்கும் உரிமை இன்றே இருக்கிறது, தமிழிலேயே கேட்கலாம்.